லெஃபெவ்ர்: ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் பிறந்த கதை

பிரெஞ்சுக் குடும்பப் பெயர் எதையாவது இணையத்தில் தேடிப் பாருங்கள். முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் ஒரு கேடயப் படமாகத்தான் இருக்கும். இரண்டு சிங்கம், நடுவில் ஒரு வாள், கீழே 'உங்கள் வம்சத்தின் சின்னம்' என்று ஒரு வரி. பணம் கட்டினால் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக்கே அனுப்புவார்கள். லெஃபெவ்ர் என்ற பெயருக்கும் அப்படிச் சின்னம் விற்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பொருள் கொல்லன்.

எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. பழைய ஊர்களில் உலைக்களத்தின் முன்னால் வியர்த்து நின்றவர்களின் நினைவு ஒட்டியிருக்கிற பெயர் அது. அதன் மேல் சிங்கத்தை ஏற்றி உட்காரவைத்து, நிஜக் கதையை மறைத்துவிடுகிறார்கள். 'ஒரே பெயர் என்றால் ஒரே வம்சம்', 'பெயர் நடுவில் த (de) என்று வந்தால் பிரபு குடும்பம்' என்பவையும் இதே ரகம்தான். லெஃபெவ்ர் என்ற ஒரே பெயரை எடுத்துக்கொண்டு, ஒரு குடும்பப் பெயர் எப்படி உருவாகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஒரே ஊரில் பல ழான்கள்

நம் ஊரில் ஒரே தெருவில் நாலு முருகன் இருந்தால் என்ன செய்வோம்? டெய்லர் முருகன், ஆத்தங்கரை முருகன், நெட்டை முருகன், மாரியம்மா மகன் முருகன். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்வதில்லை. பேச்சுவாக்கில் பிறந்து நிலைத்துவிடும். இப்படி ஊரார் ஒருவரை அடையாளம் காட்ட ஒட்டவைக்கும் பெயரைப் பட்டப்பெயர் என்றே இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

பிரான்சிலும் நடந்தது இதுவேதான். ரோமப் பேரரசு சரிந்தபிறகு பல நூற்றாண்டுகள் அங்கே ஆளுக்கு ஒரே பெயர்தான். அப்புறம் 11, 12-ம் நூற்றாண்டுகளில் மக்கள்தொகை கூடியது. அதே காலத்தில் புழக்கத்தில் இருந்த பெயர்களின் எண்ணிக்கை குறைந்தது. எங்கு பார்த்தாலும் ழான், பியேர், கியோம். ழான் என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் தேவைப்பட்டது.

அது நாலு வழியில் வந்தது. அப்பாவின் பெயரே ஒட்டிக்கொள்வது ஒன்று: மார்த்தேன், பெர்னார், தோமா எல்லாம் முதலில் ஆள்பெயர்கள். இருக்கிற இடம் இன்னொன்று: துய்போன் என்றால் பாலத்தடிக்காரன், துய்புவா என்றால் காட்டோரத்தான், லபோர்த் என்றால் கோட்டைவாசல் பக்கத்தில் இருப்பவன். மூன்றாவது தொழில்: புலான்ழே ரொட்டி சுடுபவர், மேனியே மாவு அரைப்பவர். நாலாவது தோற்றமும் குணமும்: பெத்தி என்றால் குட்டை, லெரூ என்றால் செம்பட்டைத் தலைக்காரன். லெருவா என்ற பெயருக்கு நேர்ப்பொருள் 'ராஜா'. ஆனால் ஊர்த் திருவிழாவில் ராஜா வேஷம் கட்டியவனுக்கும், ராஜா மாதிரி நடந்துகொண்டவனுக்கும் கிண்டலாக வைத்த பெயர் அது. அந்தப் பெயரை வைத்து அரச ரத்தம் தேடுவது வீண் வேலை.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: குடும்பப் பெயர் என்பது அந்தக் குடும்பம் தனக்குத் தானே சூட்டிக்கொண்டது அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள் அடையாளத்துக்குச் சொன்னது.

கொல்லனுக்கு ஏன் அத்தனை பெயர்

அன்றைய பிரான்சில் பெரும்பாலானவர்கள் உழவர்கள். அப்படியானால் 'உழவன்' என்ற பொருளில்தானே பெயர்கள் குவிந்திருக்க வேண்டும்? கொல்லன் எப்படி முந்தினான்?

பட்டப்பெயரின் வேலை ஒருவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுவது. ஊரே உழும்போது 'உழுகிற ழான்' என்றால் யாரைச் சொல்கிறோம் என்று தெரியாது. கொல்லன் ஊருக்கு ஒருவர். துருத்தி ஊதுகிற சத்தமும், பழுக்கக் காய்ந்த இரும்பில் சம்மட்டி விழுகிற 'ணங்'கும் ஊர் எல்லை வரைக்கும் கேட்கும். ஏர்க்கொழு மழுங்கினாலும், குதிரைக்கு லாடம் கழன்றாலும், கதவுக்குக் கீல் வேண்டுமென்றாலும் அந்த ஒரு பட்டறைக்குத்தான் போக வேண்டும். 'கொல்லன் பியேர்' என்றால் வேறு எந்தப் பியேருக்கும் அந்தப் பெயர் பொருந்தாது.

லெஃபெவ்ர் என்பதில் முன்னால் நிற்கும் 'லெ' இதைத்தான் காட்டுகிறது. தமிழில் அதற்கு நேரான சொல் இல்லை. 'அந்த' என்பது கிட்டத்தட்ட ஒத்துவரும். லெ ஃபெவ்ர், அதாவது அந்தக் கொல்லன், ஊரறிந்த கொல்லன்.

இது பிரான்சுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. ஆங்கிலத்தில் ஸ்மித், ஜெர்மனில் ஷ்மிட், இத்தாலியில் ஃபெர்ராரி, ஸ்பெயினில் எர்ரேரோ, ஹங்கேரியில் கோவாச், ரஷ்யாவில் குஸ்னெத்சோவ், அரபியில் ஹத்தாத். எல்லாமே இரும்படிக்கும் பட்டறையிலிருந்து வந்த குடும்பப் பெயர்கள்தான்.

ஒரு லத்தீன் சொல், பல வாய்கள்

லெஃபெவ்ருக்கு மூலம் 'ஃபாபெர்' என்ற லத்தீன் சொல். கைவினைஞர் என்ற விரிந்த பொருள் அதற்கு உண்டு. நாளடைவில் இரும்பு வேலைக்காரரைக் குறித்தது. வாக்கியத்தில் செயப்படுபொருளாக வரும்போது அது 'ஃபாப்ரும்' என்று ஆகும். பிரெஞ்சுச் சொற்கள் பெரும்பாலும் இந்த வடிவத்திலிருந்துதான் இறங்கி வந்தன.

ஃபாப்ரும் எப்படி ஃபெவ்ர் ஆனது? உங்கள் வாயிலேயே சோதித்துப் பார்க்கலாம். 'கம்பு' என்று சொல்லுங்கள். அதில் வருகிற அதிர்வுள்ள ப-வுக்கு இரண்டு உதடும் முழுக்க ஒட்டும். இப்போது அதே ஒலியை, உதடுகளைச் சரியாக ஒட்டாமல் அவசரமாகச் சொல்லுங்கள். வ பக்கம் வழுக்கிவிடும். நமக்கு அடுத்த வீட்டிலேயே இதே பாதையில் எதிர்த்திசைப் பயணம் நடந்திருக்கிறது: தமிழில் 'வேர்' என்பது கன்னடத்தில் 'பேரு', 'வில்' அங்கே 'பில்லு'. அங்கே வ-விலிருந்து ப. பிரெஞ்சில் ப-விலிருந்து வ. கூடவே, அழுத்தி ஒலிக்கும் ஆ வடக்குப் பிரான்சில் எ பக்கம் நகர்ந்தது. 'லாப்ரா' என்ற லத்தீன் உதடு பிரெஞ்சில் 'லெவ்ர்' ஆனது. அதே கணக்கில் ஃபாப்ரும் ஃபெவ்ர் ஆனது. இப்படி ஒரு மொழியில் ஒரே மாதிரிச் சொற்கள் எல்லாம் ஒரே மாதிரி மாறுவதை ஒலி மாற்றம் என்பார்கள்.

ஆனால் பிரான்ஸ் முழுக்க ஒரே பேச்சு இல்லை. தெற்கே வழங்கிய ஆக்சிதான் என்ற மொழியில் அந்த ஆ மாறவே இல்லை. அங்கே கொல்லன் 'ஃபாப்ர்'. பூச்சிகளின் வாழ்க்கையைப் பொறுமையாகப் பார்த்துப் பார்த்து எழுதிய ழான்-ஆன்ரி ஃபாப்ர் 1823-ல் தெற்கே அவெரோன் பகுதியில் பிறந்தவர். தெற்கின் வேறு சில இடங்களில் அந்த ப இன்னும் இளகி உ-வாகக் கரைந்தது; அப்படி வந்தது ஃபோர். பிரான்சின் குடியரசுத் தலைவராக இருந்து 1899-ல் பதவியிலேயே இறந்த ஃபெலிக்ஸ் ஃபோரின் பெயர் அது. கடைசி எழுத்தை அழுத்திச் சொல்லும் இசையமைப்பாளர் காப்ரியேல் ஃபோரே-வின் பெயரும் அதே குடும்பம்தான். ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சவோய் பக்கம் போனால் 'ஃபாவ்ர்'.

லத்தீன் வழிவந்த மொழி பேசாத மூலைகளும் பிரான்சில் உண்டு. மேற்கே பிரெத்தான் மொழியில் கொல்லனுக்கு 'கோஃப்'. அதனால் அங்கே லெகோஃப். கிழக்கே ஜெர்மன் பேசிய அல்சாஸில் ஷ்மிட். வடக்கே டச்சு மொழியின் நிழல் விழுந்த இடங்களில் ஸ்மெத். பிரான்சின் பெரும் ராக் பாடகர் ஜானி ஹாலிடேயின் இயற்பெயர் ழான்-ஃபிலிப் ஸ்மெத். அவருடைய அப்பா பெல்ஜியத்துக்காரர்.

ஒன்று இன்னும் சொல்ல வேண்டும். ஃபெவ்ர் என்ற சொல் இன்றைய பிரெஞ்சில் தனியாக வழக்கில் இல்லை. கொல்லருக்கு இப்போது 'ஃபோர்ழெரோன்' என்கிறார்கள். லெஃபெவ்ர் என்று பெயர் வைத்திருக்கும் பலருக்கே பொருள் தெரியாமல் இருப்பது அதனால்தான். ஆனால் அந்தச் சொல் ஓர் இடத்தில் உயிரோடு இருக்கிறது: 'ஓர்ஃபெவ்ர்', தங்க வேலை செய்பவர். 'ஓர்' என்றால் தங்கம். நம் பொற்கொல்லர் என்ற சொல்லை அப்படியே எடுத்து வைத்தது போல இருக்கிறது, இல்லையா? பாரிஸில் சேன் நதிக்கரையில் 'பொற்கொல்லர் கரை' என்ற பொருளில் கே தெ ஓர்ஃபெவ்ர் என்று ஒரு தெரு இருக்கிறது. அதன் 36-ம் எண் கட்டடத்தில்தான் நெடுங்காலம் பாரிஸ் குற்றப் புலனாய்வுக் காவல்துறை இயங்கியது.

சுருக்கமாக: ஃபாப்ர், ஃபோர், ஃபாவ்ர், லெஃபெவ்ர் நாலும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். லெகோஃப், ஷ்மிட், ஸ்மெத் மூன்றும் வேறு மொழிகளில் அதே பொருள்.

எழுத்தில் உண்டு, வாயில் இல்லை

லெஃபெவ்ரை எழுதும்போது இரண்டு முக்கிய வடிவங்கள் உண்டு. ஒன்றில் சொன்னபடியே எழுத்து இருக்கும். இன்னொன்றில் வி (v) எழுத்துக்கு முன்னால் ஒரு 'பி' (b) எழுத்து நிற்கும். அந்த பி-யை யாரும் உச்சரிப்பதில்லை. புதிதாகப் பிரெஞ்சு படிப்பவர்கள் 'லெஃபெப்வ்ர்' என்று நாக்கைச் சுளுக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

பேச்சில் எப்போதோ போய்விட்ட பி, எழுத்தில் எப்படித் திரும்பி வந்தது? எழுத்தர்கள் கொண்டுவந்து வைத்தார்கள். லத்தீன் படித்த அவர்களுக்கு, சொல்லின் மூலம் ஃபாபெர் என்பதைக் காட்ட ஆசை. நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. எனக்கு அதுதான் மிகவும் பிடிக்கும். அந்தக் காலத்தில் யு-வும் (u) வி-யும் தனி எழுத்துகள் அல்ல. ஒரே எழுத்தின் இரண்டு சாயல். சொல்லின் நடுவில் வந்தால் இரண்டையும் யு போலவே எழுதுவார்கள். அப்படியானால் லெஃபெவ்ரில் உள்ள வி-யை யு என்ற உயிராகப் படித்துவிடலாமே? முன்னால் ஒரு பி போட்டால், 'அடுத்து வருவது மெய்யெழுத்து, வி என்று படி' என்று சைகை காட்டியது போல ஆகும். அக்காலக் கையெழுத்தில் வேறு பல சொற்களிலும் இப்படி ஊமை எழுத்தைச் செருகும் பழக்கம் இருந்தது.

பிற்பாடு யு-வும் வி-யும் தனித்தனி எழுத்துகளாகப் பிரிந்தன. சில குடும்பங்களின் பெயரைப் பழைய ஏட்டிலிருந்து பெயர்த்து எழுதியவர்கள் அதை யு என்றே எடுத்துக்கொண்டார்கள். கூடவே பி-யையும் உச்சரித்தார்கள். பிறந்தது 'லெஃபேபியூர்' என்ற புதுப் பெயர். இன்றும் அப்படியே சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. 19-ம் நூற்றாண்டின் பாரிஸ் ஆர்கன் கலைஞர் லெஃபேபியூர்-வேலி அந்தப் பெயர்க்காரர்தான்.

பட்டப்பெயர் உறைந்த விதம்

டெய்லர் முருகனின் மகன் வங்கியில் வேலை பார்த்தால் அவனை யாரும் டெய்லர் என்று கூப்பிடுவதில்லை. அப்படியிருக்க, கொல்லனின் பேரனுக்குப் பேரனும் கொல்லன் என்ற பெயரோடு ஏன் இருக்கிறான்? இந்தக் கேள்விதான் விஷயத்தின் மையம். பட்டப்பெயர் குடும்பப் பெயராக மாறுவது அது தலைமுறை தாண்டி உறையும்போது. உறையவைத்தது முக்கியமாகக் காகிதம்.

சொத்து கைமாறுவதாலும் வரி கட்டுவதாலும் 12-ம் நூற்றாண்டு முதலே பல குடும்பங்களில் அப்பாவின் பட்டப்பெயர் மகனுக்கும் போக ஆரம்பித்திருந்தது. 1539-ல் முதலாம் பிரான்சுவா அரசர் வில்லேர்-கொத்ரே என்ற ஊரில் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியிலும், பங்குச் சாமியார் ஞானஸ்நானங்களைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றது அது. 1579-ல் வந்த இன்னோர் ஆணை திருமணத்தையும் இறப்பையும் சேர்த்தது.

ஒரு ஞானஸ்நானத்தை நினைத்துப் பாருங்கள். குளிர்ந்த கோயிலுக்குள் குழந்தை வீறிட்டு அழுகிறது. அப்பாவுக்கு எழுதத் தெரியாது. 'யார் பிள்ளை?' என்று சாமியார் கேட்கிறார். 'ழான் லெஃபெவ்ர் பிள்ளை' என்று பக்கத்தில் நிற்பவர் சொல்கிறார். சாமியார் காதில் விழுந்தபடி, தனக்குப் பழகிய எழுத்தில் எழுதுகிறார். அண்ணனுக்கு எழுதிய சாமியார் பி போட்டிருக்கலாம், தம்பிக்கு எழுதியவர் போடாமல் விட்டிருக்கலாம். எழுத்து வேறு என்பதால் குடும்பமும் வேறு என்று சொல்லிவிட முடியாதது இதனால்தான்.

1792-ல், புரட்சிக் காலத்தில், பதிவேடு கோயிலிலிருந்து நகராட்சிக்கு மாறியது. 1794 ஆகஸ்ட் 23-ல் வந்த சட்டம், பிறப்புப் பதிவில் இருக்கும் பெயரைத் தவிர வேறு பெயரை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவாகச் சொன்னது. அத்தோடு பெயர் உறைந்தது. பி இருந்தவருக்கு பி, இல்லாதவருக்கு இல்லை.

பெயர் உறைந்தபிறகு தொழிலோடு அதற்கு இருந்த ஒட்டு அறுந்துவிடும். இதற்கு நான் எப்போதும் சொல்லும் ஆள் பியேர் ஃபாவ்ர். 1506-ல் சவோயில் பிறந்தவர். பெயர் கொல்லன், சிறுவயதில் செய்த வேலை ஆடு மேய்த்தல். பிறகு பாரிஸுக்குப் படிக்கப் போனார். அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியவர் பிரான்சிஸ் சவேரியார். ஆம், முத்துக்குளித்துறைக்கு வந்த அதே சவேரியார். இயேசு சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபாவ்ர் 2013-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

பிரபு குடும்பம் என்ற விஷயத்துக்கும் வருகிறேன். விவிலியத்தைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்த ழாக் லெஃபெவ்ர் தெத்தாப்ல் என்ற அறிஞர் பெயரில் 'த' இருக்கிறது (த, எத்தாப்ல் இரண்டும் சேர்ந்து தெத்தாப்ல்). அது பட்டம் இல்லை. 'எத்தாப்ல் ஊரைச் சேர்ந்த' என்று மட்டுமே பொருள். லத்தீனில் எழுதும்போது அவர் தன் பெயரை ஃபாபெர் என்றே போட்டுக்கொண்டார். நெப்போலியனின் தளபதி பிரான்சுவா ழோசெஃப் லெஃபெவ்ர் டியூக் ஆனது உண்மை. ஆனால் அந்தப் பட்டம் அவர் 1807-ல் டான்ட்சிக் நகரை முற்றுகையிட்டுப் பிடித்ததற்காகக் கிடைத்தது. குடும்பப் பெயருக்கு அதில் பங்கில்லை. அவர் மனைவி துணி வெளுத்துப் பிழைத்தவர்.

எவ்வளவு பேர், எங்கே

பிரான்சில் மிக அதிகமானோர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் மார்த்தேன். பி உள்ள லெஃபெவ்ர் முதல் 20 பெயர்களுக்குள் வருகிறது. பி இல்லாத வடிவம் தனியாகவே முதல் 50-க்குள் வருகிறது. ஃபாப்ரும் ஃபோரும் கூடப் பரவலான பெயர்கள்தான். கொல்லனின் கூட்டம் பல எழுத்துகளாகவும் பல மொழிகளாகவும் சிதறிப்போனதால் தரவரிசையில் அதன் உண்மையான அளவு தெரிவதில்லை.

பி உள்ள வடிவம் வடக்குக் கோடியில், பெல்ஜிய எல்லையை ஒட்டிய நோர், பா-த-கலே பகுதிகளில் குவிந்திருக்கிறது. பி இல்லாதது பிகார்தி, நார்மண்டி பக்கம் அதிகம். ஃபாப்ர் தெற்கே லாங்கதோக்கில், லெகோஃப் பிரெத்தான் மண்ணில். ஆனால் தனி ஒருவரைப் பெயரை மட்டும் பார்த்து 'இந்த ஊர்க்காரர்' என்று சொல்ல முடியாது. டான்ட்சிக்கைப் பிடித்த அந்த லெஃபெவ்ர் பிறந்தது ஷ்மிட்கள் நிறைந்த அல்சாஸில்!

இரண்டு லெஃபெவ்ர்கள் சந்தித்தால் சொந்தமா? பெரும்பாலும் இல்லை. நூற்றுக்கணக்கான ஊர்களில், ஊருக்கு ஒரு கொல்லர் என்று, தனித்தனியாகப் பிறந்த பெயர் அது. இதையும் நினைவில் வையுங்கள்: பெயர் ஒன்று, வேர்கள் பல.

கடல் கடந்தபோது

17-ம் நூற்றாண்டில் கனடாவின் கெபெக்குக்குக் குடியேறியவர்களோடு லெஃபெவ்ரும் போனது. அங்கே லெஃபெவ்ர்கள் பெருகியதும் பழைய சிக்கல் புதிதாக முளைத்தது: ஒரே பெயரில் பலர். உடனே பெயருக்குப் பின்னால் 'எனப்படும்' என்ற பொருளில் 'தி' என்ற சொல்லைப் போட்டு இன்னொரு பட்டப்பெயரை ஒட்டினார்கள். லெஃபெவ்ர் தி பெலில், லெஃபெவ்ர் தி வில்மூர் என்று. கிளைக் குடும்பங்கள் சிலவற்றில் முன்பகுதி உதிர்ந்து பின்பகுதியே குடும்பப் பெயராகிவிட்டது.

கெபெக்கிலிருந்து அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிக்குப் போன சிலரின் பெயர் 'பீன்' ஆகிப்போனது. பிரெஞ்சில் 'ஃபெவ்' என்றால் அவரை மாதிரி ஒரு பயறு. காதில் விழுந்ததை அந்தப் பயறு என்று நினைத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டார்கள். கொல்லர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் அவரைக்காய் ஆனார்கள்.

பிரெஞ்சுக் குடும்பப் பெயர் நம் மண்ணுக்கும் வந்தது. புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873-ல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தடுக்கப்பட்டார். வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோய் வென்றார். 1881 செப்டம்பர் 21-ல் வந்த ஆணை, தங்கள் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க விரும்பியவர்களுக்கு வழி விட்டது. அப்படிச் செய்தவர்களை 'துறந்தவர்கள்' என்ற பொருளில் ரெனோன்சான் என்பார்கள். பதிவேட்டில் எழுத அவர்களுக்கு ஒரு குடும்பப் பெயர் வேண்டும். பொன்னுத்தம்பி தேர்ந்தெடுத்தது லபோர்த். பிரான்சில் அது கோட்டைவாசல் அருகே குடியிருந்தவனுக்கு ஊரார் வைத்த பெயர். இங்கே ஒருவர் பொருள் அறிந்து, கதவு என்று தெரிந்தே, தனக்குத் தானே சூட்டிக்கொண்டார். ஒரே சொல்தான், ஆனால் பிறந்த விதம் நேரெதிர்.

இப்போது பாரிஸில் லா ஷாப்பெல் பக்கம் போனால் ஈழத்திலிருந்து வந்த தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே பிள்ளை பிறந்து நகராட்சியில் பதியும்போது குடும்பப் பெயர் கேட்பார்கள். தமிழ் அப்பாவின் தாள்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் இருப்பது அவருடைய அப்பாவின் பெயர். தாத்தாவைக் கூப்பிட்ட பெயர் அப்படியே பேரனுக்குக் குடும்பப் பெயராகிறது. இனி அது அவன் பிள்ளைகளுக்கும் போகும். சில தலைமுறை கழித்துக் கந்தசாமி என்றோ செல்லத்துரை என்றோ குடும்பப் பெயர் உள்ள ஒரு பாரிஸ்காரப் பெண், இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்ப்பாள்.